ஐஸ் பெட்டிக்குள் பதினொரு நாள்

பிரிண்டர் தள்ளிய மூன்றாவது காகிதமும் கோடு கோடாகத்தான் வந்தது. சத்யா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நீலக்கால் நண்டின் படம் அது. நீலம் இருக்கவேண்டிய காலில் சாம்பல் படிந்திருந்தது. ஓட்டின் குறுக்கே சீப்பால் வாரிவிட்டதுபோல வெள்ளை வரிகள். படத்துக்குக் கீழே இருந்த எழுத்து மட்டும் கறுப்பாக, பழுதில்லாமல் நின்றது.

"இன்னா நைனா இது, நண்டுக்குச் சோகை புடிச்ச மாதிரி இருக்குது?" என்றாள்.

வாசற்படியில் உட்கார்ந்து ஓலைக்கூடைக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்த நாகப்பன் தலையை நிமிர்த்தவில்லை. "எனக்கு இன்னாமா தெரியும்?" என்றார். சொன்னதும் காது மடல் சுட்டது. ஏனென்றால் அவருக்குத் தெரியும். அவருக்கும், உள்ளே அடுப்பு மேடையில் பாத்திரத்தை வேண்டுமென்றே ஓசையோடு வைத்த மனைவி முத்தம்மாளுக்கும் தெரியும். மகளுக்குத்தான் தெரியாது.

நாகப்பனுக்கு ஐம்பது வயது. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு சின்னக் குடியிருப்பில் பிறந்து, பன்னிரண்டு வயதில் ஏரியில் இறங்கியவர். படகு கிடையாது, வலை கிடையாது. மார்பளவுத் தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிற ஆட்கள் அவர்கள். பறி என்கிற ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையும் அடியில் வேலை செய்ய, தலை மட்டும் தண்ணீருக்கு மேலே நகர்ந்துகொண்டிருக்கும். பாலத்தின்மேல் பஸ்ஸில் போகிறவர்கள் அந்தத் தலைகளை நீர்க்கோழிகள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

முப்பத்தெட்டு வருஷம் சேறு தேய்த்ததில் அவர் விரல் நுனிகள் வழவழவென்று ஆகிவிட்டன. ரேஷன் கடையில் விரல் வைக்கிற மெஷின் அவரை ஒத்துக்கொள்வதே இல்லை. நல்லாத் தொடைச்சிட்டு வை, அடுத்த வெரல வை, அமுக்கி வை. பின்னால் வரிசை முனகும். "இன்னா நாகப்பா, ரேகைய ஏரியிலயே உட்டுட்டு வந்துட்டியா?" என்று எவனாவது கேட்பான். அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்தபின் விரல்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதிலிருந்து, மெஷின் என்று எது எதிரே வந்தாலும் அவருக்குள் ஒரு ஆள் கைகட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்க ஆரம்பித்துவிட்டான்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் போன வருஷம் பிரிண்டர் வந்தது. சத்யா பொன்னேரியில் விலங்கியல் படிக்கிறாள், கடைசி வருஷம். யாரோ ஆறு மாதம் வைத்திருந்து விற்றதை சாம் பார்த்து வாங்கிக்கொடுத்தான். சாம், சூசையம்மாளின் மகன். சூசையம்மாள் நாகப்பனோடும் முத்தம்மாளோடும் ஏரியில் இறங்குகிறவள், நாகப்பனை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுகிறவள். சாமுக்குப் பொன்னேரியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. பிரிண்டர் கழுவுவது, மை ஊற்றுவது. அந்தக் குடியிருப்பிலேயே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து சம்பாதிக்கிற முதல் ஆள் அவன்தான்.

பிரிண்டர் வந்தபிறகு ஆதார் நகல் என்றும் பாஸ்புக் நகல் என்றும் நாலு பேர் வாசலுக்கு வந்தார்கள். நாகப்பன் தன் புதுத் துண்டை எடுத்து அதற்குப் போர்த்தினார். யாராவது கையை நீட்டினால், "தொடாதப்பா, நானே தொட்டது கெடையாது" என்பார். அதைச் சொல்வதில் ஒரு பெருமை இருந்தது. சித்திரை வரைக்கும் அது உண்மையாகவும் இருந்தது.

சித்திரையில் சத்யா ஒரு மாதப் பயிற்சிக்காகச் சென்னையில் போய்த் தங்கினாள். போவதற்கு முந்தின நாள் சாம் வந்து கலர் கார்ட்ரிட்ஜில் மை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். மேல் துளைகளை டேப் ஒட்டி மூடினான். பிரிண்டரின் வாயைத் திறந்து, விரலால் ஓர் அழுத்து அழுத்தி அதை எப்படிக் கழற்றி மாட்டுகிறான் என்பதை நாகப்பன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நண்டின் கொடுக்கைக் கட்டுவதைவிட எளிதாகத்தான் தெரிந்தது.

பத்தொன்பதாம் நாளோ என்னவோ, சத்யா போனில் சொன்னாள். "நைனா, இங்கயே வெயில் இந்தப் போடு போடுது. நம்ம ஊட்டு ஷீட்டுக்குக் கீழ மெஷின்ல மை காஞ்சிடப் போவுது. கொஞ்சம் பாத்துக்கோ."

ஜன்னலை விட்டுத் தள்ளி வை, துணி போடு என்பதுதான் அவள் நினைத்தது. ஆனால் நாகப்பனின் தொழிலில் வெயிலுக்கு ஒரே மருந்துதான். இறால் கரையேறியதும் ஐஸ். ஐஸ் போடப் பிந்தினால் தலை கறுத்துவிடும், தலை கறுத்த இறாலை வியாபாரி கையால் தொடமாட்டான். கெடக்கூடியது எதுவானாலும் தெர்மாகோல் பெட்டிக்குள் போகவேண்டும். அதை அவர் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகவே கார்ட்ரிட்ஜைக் கழற்றியது.

"யோவ், இன்னாய்யா பண்றே?" என்றாள் முத்தம்மாள்.

"மை காயக்கூடாதுனு பாப்பா சொல்லுச்சு."

"அத்த எடுத்தாந்து எறாகூடப் படுக்க வைனு சொல்லுச்சா?"

"நீ கம்முனு இரு. ஐசுல வெச்சது எதுனா கெட்டுப்போயிருக்குதா இதுவரிக்கும்?"

பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மூன்று ரப்பர் பேண்டு போட்டு, நொறுக்கிய ஐஸுக்கு அடியில் கார்ட்ரிட்ஜை வைத்தார். பதினொரு நாள் இருந்தது. தினமும் காலையில் உருகியதை வடித்துவிட்டுப் புது ஐஸ் போட்டார். சத்யா வருவதற்கு முதல் நாள் எடுத்தபோது கவருக்குள் ஒரு மடக்குத் தண்ணீர் இருந்தது. இளஞ்சிவப்பாக, ரோஸ்மில்க்கின் அடிமிச்சம்போல. வெளியே ஒட்டியிருந்த மையாக இருக்கும் என்று நினைத்தார். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. துண்டால் துடைத்து, சாம் செய்ததுபோலவே மாட்டினார். டக்கென்று போய் உட்கார்ந்தது. உதவிக்கு ஆளில்லாமல் ஒரு மெஷினுக்கு ஒரு வேலை செய்துவிட்டோம் என்று அன்று முழுக்க அவருக்குக் காரணமில்லாமல் மனசு நிறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அந்த நிறைவுக்குத்தான் வேட்டு விழுந்தது.

சத்யா லேசில் விடுகிற பெண் இல்லை. திங்கட்கிழமை அவள் ரெக்கார்டு வைக்கவேண்டும். ஏரியின் நண்டும் இறாலுமாக நாற்பது கலர் படங்கள். முதலில் கம்ப்யூட்டருக்குள் போய் பிரிண்டர் தன்னைத் தானே கழுவிக்கொள்கிற கட்டளையைக் கொடுத்தாள். அது இரண்டு நிமிஷம் உறுமிவிட்டு ஒரு சோதனைத் தாளைத் தள்ளியது. நாலு நிறத்துக்கு நாலு கட்டம். கறுப்புக் கட்டம் முழுசாக வந்தது. மற்ற மூன்றிலும் பாதிக் கோடுகளைக் காணோம். வந்த கோடுகளும் நீலம் எது, சிவப்பு எது என்று தெரியாமல் ஒன்றுக்குள் ஒன்று வடிந்திருந்தன. இரண்டாம் முறை கழுவினாள். அதே கதை. தாள் ஏரிக்காற்றில் ஈரம் வாங்கியிருக்கும் என்று புதுக் கட்டைப் பிரித்தாள். தாளைப் புரட்டி வைத்தாள். தரம் என்ற இடத்தில் உசத்தியானதைத் தேர்ந்தெடுத்தாள். கோடு விலகுகிறதா என்று நேராக்கிப் பார்த்தாள்.

ஒவ்வொன்றுக்கும் நாகப்பன் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். இதில் சரியாகிவிட்டால் சொல்லவேண்டியதில்லை. அடுத்ததில் சரியாகிவிட்டால் சொல்லவேண்டியதில்லை. ஒவ்வொரு தாளாகக் கெட்டு வெளியே வர, சொல்லவேண்டிய நேரமும் ஒவ்வொரு தாளாகக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் அவள் சாமுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "இன்னா மை ஊத்தினே நீ? எல்லாம் நாஸ்தியாகி வருது."

"அதே மைதான் சத்யா. பொன்னேரி பூரா அதத்தான் ஊத்தறேன்" என்றான் சாம். "நடுவுல யாருனா கார்ட்ரிட்ஜக் கழட்டினாங்களா?"

சத்யா திரும்பினாள். "நைனா, யாருனா தொட்டாங்களா இத?"

கேள்வி நேராகவே வந்துவிட்டது. ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஐஸ் பெட்டி வரும், பிளாஸ்டிக் கவர் வரும், ரப்பர் பேண்டு வரும். மகளின் முகம் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மாறுவது வரும். போனின் அந்தப் பக்கம் படித்த ஒரு பையன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"இன்னாத்துக்குத் தொடப்போறாங்க? துண்டு போட்டு மூடி வெச்சது வெச்ச மாதிரியே இருக்குது" என்றார்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

"கேட்டியா?" என்றாள் சத்யா போனிடம். வைத்துவிட்டாள். வைத்த சூட்டோடு ஊர்க்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் எழுதினாள். யாரும் சாமிடம் மை ஊற்றாதீர்கள், மட்டமான மை, என் ரெக்கார்டே போச்சு என்று. கெட்டுப்போன நண்டின் படத்தையும் சேர்த்துப் போட்டாள். பத்து நிமிஷத்தில் ஆளாளுக்குப் பதில் வந்தது. ஒருத்தருக்குப் போன மாதம் எடுத்த போட்டோ வெளுத்துவிட்டதாம். கருப்பன் என்கிற நண்டு வியாபாரி, அவன் எப்போதுமே குறும்புக்காரன், குரலிலேயே பேசி அனுப்பியிருந்தான்: "மையில ஏரித்தண்ணியக் கலந்துட்டான் போல. உப்பு கரிக்குதா பாரு பாப்பா!" அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. சத்யா அதைச் சத்தமாகப் போட்டுக் காட்டினாள். நாகப்பன் கூடையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

பின்னாலேயே முத்தம்மாள் வந்தாள்.

"ஏன்யா அப்பிடிச் சொன்னே?"

"வாயில வந்துடுச்சு."

"வந்தத முழுங்கிட்டு, உள்ளதச் சொல்லு போ. நா சொல்றதுக்கு ஒரு நிமிஷம் ஆவாது. நா சொன்னா உனுக்கு மொகம் இருக்காது. அதான் பாக்கறேன்."

"சாயங்காலம் சொல்றேன்" என்றார் நாகப்பன்.

சாயங்காலம் சாமே வந்துவிட்டான். வண்டியை நிறுத்தி, தோள்பையோடு உள்ளே வந்து, "மாமா, நல்லாக்கீறீங்களா?" என்றான். குரூப்பைப் பார்த்திருப்பான். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சோதனைத் தாளை வாங்கிப் பார்த்தான். கார்ட்ரிட்ஜைக் கழற்றினான். முத்தம்மாளிடம் ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கேட்டான்.

"கேன் தண்ணி குடு அத்தை. பம்புத் தண்ணி வேணாம், உப்பு."

மெல்லிய பேப்பர் துணியை நாலாக மடித்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்து தரையில் விரித்தான். கார்ட்ரிட்ஜின் அடிப்பக்கத்தை அதன்மேல் வைத்து மெதுவாக அழுத்தி எடுத்தான். "நல்லா இருந்தா மூணு கோடு விழணும். நீலம், ரோஸு, மஞ்சள்னு தனித்தனியா" என்றான். துணியில் விழுந்தது ஒரே ஒரு கறை. சேற்றின் நிறம். அதைச் சுற்றி வெறும் ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டே போனது.

செம்புத் தகடுகள் இருக்கிற பக்கத்தைத் திருப்பினான். பச்சை பூத்திருந்தது. மேல் டேப்பைத் தொட்டான், கையோடு வந்துவிட்டது. பிறகு அவன் செய்த காரியத்தை நாகப்பன் சாகும்வரை மறக்கமாட்டார். கார்ட்ரிட்ஜை மூக்கருகே கொண்டுபோனான். ஒருமுறைதான் முகர்ந்தான். இறால் பிடிக்கிற வீட்டில் பிறந்த பையன். அவனுக்கு இரண்டாம் முறை தேவைப்படவில்லை.

"தண்ணி போயிருக்குது உள்ள" என்றான்.

"தண்ணி எப்பிடிப் போவும்? ஊட்ல யாரும் அத்தத் தொடவே இல்ல. நைனாதான் பாத்துக்கினு இருந்தாரு" என்றாள் சத்யா.

சாம் தலையைத் தூக்கி நாகப்பனைப் பார்த்தான். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். வழியில் வேட்டி நழுவி நிற்கிற பெரியவரைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வோம் இல்லையா, அப்படித் திருப்பிக்கொண்டான்.

"அப்ப நா ஊத்தும்போதே ஏதோ தப்பு பண்ணிட்டேன் போல. கழுவின தண்ணிய முழுசா எடுக்காம இருந்திருப்பேன்" என்றான். பையிலிருந்து ஒரு புதுக் கார்ட்ரிட்ஜை எடுத்தான். "இது என் கணக்கு. உன் வேலை நிக்கக்கூடாது."

புதியது மாட்டியதும் நண்டு நீலக்காலோடு வந்தது. ஓட்டின் புள்ளிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. சத்யா கைதட்டாத குறை. "பாத்தியா நைனா, மைதான்!" என்றாள். சாம் வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது நாகப்பன் வாசல்வரை போனார். ஏதோ சொல்லத்தான் போனார். "பாத்துப் போப்பா" என்றுதான் வந்தது.

சத்யா அன்று மாலையே குரூப்பில் இன்னொரு வரி சேர்த்தாள். சாமே தன் தப்பு என்று ஒத்துக்கொண்டான், புதுசு கொடுத்துவிட்டான் என்று. நல்லெண்ணத்தில்தான் எழுதினாள். அதைத்தான் யாரோ எடுத்துச் சாமின் கடைக்காரருக்கு அனுப்பிவிட்டார்கள்.

நாகப்பனுக்கு அது மறுநாள் காலையில் ஏரிக்குள்தான் தெரிந்தது.

பத்துப் பன்னிரண்டு தலைகள் தண்ணீருக்கு மேலே வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. சூசையம்மாள் நாலு முழம் தள்ளி இருந்தாள். ஒரு பிடி இறாலைக் கூடையில் போட்டுவிட்டு, கயிற்றை வாயிலிருந்து எடுத்துவிட்டு, முத்தம்மாளிடம் சொன்னாள்.

"சாம இனிமே கடைக்கு வர வேணாம்னுட்டாங்க அண்ணி. மையில தண்ணி கலக்கறவன வெச்சிக்கினா எங் கடை பேரு இன்னா ஆவறதுனு கேட்டாராம். இவன் வாயே தொறக்காம வந்துட்டான். ராவுலருந்து ஒரு வாய் சோறு துன்னல."

"அவனே ஒத்துக்கினானாமே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏன் ஒத்துக்கினான்னு கேட்டா சொல்ல மாட்டேன்றான்" என்றாள் சூசையம்மாள்.

முத்தம்மாள் நாகப்பனைப் பார்த்தாள். நாகப்பன் வாயில் கூடைக்கயிறு இருந்தது. பல்லில் கயிறு இருக்கிறவன் பேசமுடியாது. யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். அந்தக் கயிற்றுக்கு அவர் அந்த நிமிஷம் நன்றி சொன்னார். கையை இன்னும் ஆழமாகச் சேற்றுக்குள் விட்டார். ஒரு பெரிய வெள்ளை இறால் உள்ளங்கையில் துள்ளியது. அதைப் பிடிக்கவேண்டும் என்று தோன்றவில்லை. விரலைத் திறந்தார். அது போய்விட்டது.

கயிற்றைத் துப்பினார். கூடை மிதந்து நகர்ந்தது.

"சூசம்மா, நாந்தான்" என்றார்.

"இன்னா அண்ணே?"

"அந்தக் கார்ட்ரிட்ஜு. அத்தக் கழட்டி ஐஸ் பெட்டியில வெச்சேன். எறாகூட. பதினோரு நாளு. உன் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல."

ஏரியில் குரல் ரொம்ப தூரம் போகும். எவனோ கனைத்தான். இன்னொருத்தி, "ஐசுலயா? மையையா?" என்றாள். அவ்வளவுதான். வரிசை முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொண்டது. வாயில் கயிறு இருந்தவர்கள் மூக்கால் சிரித்தார்கள். ஒருவன் சிரித்த வேகத்தில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் புரையேறினான்.

சூசையம்மாள் சிரிக்கவில்லை.

"அவனுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும். மோந்து பாத்தான்."

"தெரிஞ்சா தன் தலையில போட்டுக்கினான்?" அவள் முகத்தில் இருந்த தண்ணீரை வழித்து எறிந்தாள். "நேத்து எங்க போயிருந்துது அண்ணே இந்த வாயி? எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? நானா அவன வேலைய உட்டுத் தூக்கினேன்? எங்க சொல்லணுமோ அங்க போய்ச் சொல்லு."

நாகப்பன் நேரம் முடியும் முன்பே கரையேறினார். அவர் ஆயுசில் அப்படி ஏறியது ஜுரம் வந்த இரண்டு நாட்களில்தான். சத்யா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் படாமல் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். திருப்பாலைவனம் தாண்டும்வரை என்ன சொல்வது என்று கோத்துக்கொண்டே வந்தார். பொன்னேரியில் இறங்கியதும் கோத்தது எல்லாம் உதிர்ந்துவிட்டது.

கடைக்காரருக்கு முப்பது முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். முதலில் அவருக்கு விளங்கவே இல்லை.

"ஐஸ் பெட்டியா? எதுக்குங்க?"

"வெயில்ல கெட்டுடும்னு. நாங்க எறாவ அப்பிடித்தான் வெப்போம்."

விளங்கியபோது அவர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்லமுடியாது, யாராயிருந்தாலும் சிரித்திருப்பார்கள். உள்ளே வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டார். "பெரியவரே, இன்னொரு தடவை சொல்லுங்க, இவனுங்களும் கேக்கட்டும்." ஒருவன் செல்போனைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தான். ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த ஒரு பெண்ணும் திரும்பிப் பார்த்தாள்.

நாகப்பனின் கழுத்தில் சட்டை நனைந்தது. போய்விடலாம் என்று கால் சொன்னது. போனைப் பார்த்தார்.

"எடுக்கறியாப்பா? எடு" என்றார். "எடுத்து, உங்களுக்கு அந்தச் சேதிய யாரு அனுப்பினாங்களோ அவங்களுக்கே திருப்பி அனுப்பு. எங்க ஊரு குரூப்புல வரணும்."

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. அவர் போனைப் பார்த்துப் பேசினார். பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். எத்தனை நாள் வைத்தார், எதில் சுற்றினார் என்பதையும் விடாமல் சொன்னார். "எம் பொண்ணு கேட்டப்ப யாரும் தொடலைனு பொய் சொன்னேன். சாமுக்கு அது தெரியும். தெரிஞ்சும் காட்டிக்குடுக்கல" என்று முடித்தார்.

"ஏன் அவன் எங்கிட்டகூடச் சொல்லல?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எம் மானம் போவக்கூடாதுனு."

கடைக்காரர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து வேறிடத்தில் வைத்தார். "திங்கக்கெழம வரச்சொல்லுங்க. நானும் போன் பண்றேன்" என்றார்.

பஸ்ஸுக்கு முன்னால் வீடியோ ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இறங்கும் இடத்திலேயே கருப்பன் நின்றிருந்தான். "நாகப்பா, எம் போனு சூடாவுது, உன் பொட்டியில ஒரு ஓரமா எடம் இருக்குமா?" என்றான். டீக்கடை பெஞ்சு முழுக்கச் சிரித்தது. இது இன்றோடு போகாது என்று அவருக்குத் தெரியும். நாளைக்குப் பிறக்கப்போகிற பேரனுக்கும் இந்தப் பேர் வந்துவிடலாம். நிற்காமல் நடந்தார். ரேஷன் கடையில் சிரித்ததுபோலச் சேர்ந்து சிரிக்கவில்லை.

வீட்டில் சத்யா பிரிண்டருக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் குப்புறக் கிடந்தது. நாற்பது படங்களும் அச்சாகி அடுக்கியிருந்தன. அவள் அழுதிருந்தாள் என்பது கண்ணில் தெரிந்தது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல நைனா?"

"உங்கிட்டதான் சொல்ல முடியல."

"ஊருக்கே சொல்ல முடிஞ்சுது. எங்கிட்ட இன்னா?"

நாகப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ படிச்ச பொண்ணு. நா நல்லாப் பாத்துக்கினேன்னு நீ நெனச்சிக்கினு இருந்தே. அது போயிடுமேனு..."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் போனைத் திருப்பித் தான் எழுதியதைத் தானே படித்தாள். மட்டமான மை. அவனே ஒத்துக்கொண்டான்.

"மோந்து பாத்தான்ல? நானும் பக்கத்துலதானே நின்னேன். எனக்கும் அந்த வாசன வந்துது நைனா. நம்ம ஊட்டு வாசனதானேனு உட்டுட்டேன்" என்றாள். எழுந்து செருப்பை மாட்டினாள். "வா."

"எங்க?"

"சூசையம்மா அத்தை ஊட்டுக்கு. நீ சொல்லிட்டே. நா இன்னும் சொல்லல."

வீட்டுக்குள்ளிருந்து முத்தம்மாள் எட்டிப் பார்த்தாள். மகள் முன்னால் நடக்க, நாகப்பன் இரண்டடி பின்னால் போனார். ஐஸ் என்று எவனோ கத்தினான். சத்யாவின் நடை நிற்கவில்லை.

சூசையம்மாள் வாசலில் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். சாம் உள்ளே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இவர்களைக் கண்டதும் எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைக்காரர் போன் செய்திருக்கவேண்டும். முகத்தில் சந்தோஷம் இல்லை, ஆனால் சாப்பிட்ட முகமாக இருந்தது.

"நின்னுக்கினே இருக்கப்போறீங்களா ரெண்டு பேரும்?" என்றாள் சூசையம்மாள், நண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். உட்காரச் சொல்லவில்லை.

சத்யா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். நாற்பது படங்களுக்கு நாற்பது பக்கம் எழுதிய பெண்ணுக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை. சாம் தரையைப் பார்த்தான். இது போதும், விடு என்று அவன் சொல்லிவிடுவான்போல இருந்தது. நேற்றும் அவன் அப்படித்தான் ஒருவரைத் தப்பவிட்டான்.

"இருப்பா" என்றார் நாகப்பன் அவனிடம். "சொல்லட்டும்."

மகள் நிற்கிற இடம் அவருக்கு நன்றாகத் தெரியும். நேற்று பகல் முழுக்க அவர் நின்ற இடம். அவளுக்குப் பதிலாக ஒரு சொல்லும் சொல்லாமல், நகராமல், அவள் குரல் வருகிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.